சாயங்காலமே வீடு திரும்பிய ஆபரேஷன்

எங்கள் குடும்பத்தில் ஆபரேஷன் என்றால் அதற்கு ஒரு முறை இருக்கிறது. குறைந்தது ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் கிடக்க வேண்டும். கையில் பாட்டில் ஏற வேண்டும். கட்டிலுக்குக் கீழே ஒயர் கூடை, பக்கத்தில் ஃபிளாஸ்க், தரையில் பாய் விரித்துப் படுக்க ஒரு சொந்தக்காரி. பார்க்க வருகிறவர்கள் ரொட்டியும் சாத்துக்குடியும் கொண்டுவந்து, கட்டிலைச் சுற்றி நின்று, நோயாளியைத் தவிர மற்ற எல்லாரைப் பற்றியும் பேச வேண்டும். இத்தனையும் நடந்தால்தான் அது ஆபரேஷன். நானோ ஒரு வியாழக்கிழமை காலையில் விழுப்புரத்தில் குடல்வாலை எடுத்துக்கொண்டு, அன்று சாயங்காலமே திண்டிவனத்துக்கு வீடு வந்து சேர்ந்துவிட்டேன். அதனால் எனக்கு நடந்தது ஆபரேஷன்தானா என்று எங்கள் ஜனம் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை.

வலி வந்தது புதன்கிழமை மத்தியானம். நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். எட்டாம் வகுப்புப் பேப்பரைத் திருத்திக்கொண்டிருந்தபோது தொப்புளைச் சுற்றி ஏதோ பிசைந்தது. அந்தப் பேப்பர்களைப் பார்த்தால் யாருக்கும் வயிறு பிசையும் என்பதால் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வீட்டுக்கு வந்து சொன்னதும் என் மாமியார் நொடியில் கண்டுபிடித்துவிட்டார். வாயு. எங்கள் வீட்டில் வயிற்று வலிக்கு ஒரே காரணம்தான், அது வாயு. தலைவலிக்கும் அதுதான், மூட்டு வலிக்கும் அதுதான். ஓமத் தண்ணி வந்தது. என் வீட்டுக்காரர் மோட்டாருக்கும் ஃபேனுக்கும் காயில் கட்டுகிற கடை வைத்திருக்கிறார். அவர் தன் பங்குக்கு ஒரு சோடா வாங்கிவந்தார். இரண்டையும் குடித்தேன், இரண்டையும் வாந்தி எடுத்தேன். அதற்குள் வலி தொப்புளை விட்டு வலதுபக்கம் கீழே இறங்கி, இனி நான் இங்கேதான் என்று உட்கார்ந்துகொண்டது.

பொழுது சாய்வதற்குள் ஸ்கேன் எடுத்தோம். பார்த்த டாக்டர் என்னிடம் ஒன்றும் சொல்லாமல் என் வீட்டுக்காரரிடம் சொன்னார். வயிறு என்னுடையதாக இருந்தாலும் செய்தி அவருக்குத்தானே போக வேண்டும்.

"குடல்வால் வீங்கிக்கினு இருக்குது சார். இன்னும் வெடிக்கல. வெடிச்சா பேஜாராயிடும். ஜல்தியா விழுப்புரம் போயிடுங்க."

போனோம். ஊசி போட்டு, பாட்டில் ஏற்றி, காலையில் முதல் கேஸாக எடுப்பதாகச் சொன்னார்கள். சர்ஜன் ஒரு பெண். சின்ன வயது, குதிரைவால் முடி, காலில் ரப்பர் செருப்பு. என் மாமியார் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பெரிய டாக்டரு எப்பம்மா வருவாரு?" என்று கேட்டார்.

"நான்தாம்மா பெரிய டாக்டர்."

மாமியார் அதற்கப்புறம் ஜெபமாலையை எடுத்தவர்தான், ஆபரேஷன் முடிகிற வரைக்கும் கீழே வைக்கவில்லை.

அந்த டாக்டர் என் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து என்னிடமே பேசினார். அதற்கே பாதி வலி போன மாதிரி இருந்தது. மூன்று சின்ன ஓட்டை, ஒன்றில் கேமரா. உள்ளே வெடிக்காமல், சீழ் பிடிக்காமல் இருந்தால் சாயங்காலமே வீட்டுக்கு அனுப்பிவிடலாம். ஆனால் எல்லாரையும் அனுப்ப மாட்டார்களாம். எழுந்து நடக்க வேண்டும், சாப்பிட்டது வயிற்றில் தங்க வேண்டும், ஒன்றுக்குப் போக வேண்டும், மாத்திரைக்கு வலி அடங்க வேண்டும். வீட்டில் கூட இருந்து பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். காய்ச்சலோ, வாந்தியோ, வலி கூடுவதோ இருந்தால் உடனே போன் செய்துவிட்டுத் திரும்பி வர வேண்டும்.

"வீட்டுல பாத்துக்க ஆள் இருக்காங்களா?"

"ஆளு நெறைய இருக்காங்க டாக்டர்," என்றார் என் வீட்டுக்காரர். குரலில் அப்படி ஒரு பெருமை.

அவர் சொன்னது பொய்யில்லை. எங்கள் வீட்டில் ஆளுக்குப் பஞ்சம் வந்ததே கிடையாது. அவர்களையெல்லாம் பார்த்துக்கொள்கிற ஆளைத்தான் தியேட்டருக்குள் தள்ளிக்கொண்டு போனார்கள்.

கண் விழித்தபோது ஒரு நர்ஸ் குனிந்து, வலி பத்துக்கு எத்தனை என்று கேட்டார். நாலரை என்றேன். "அரை மார்க்கெல்லாம் கெடையாது டீச்சர்," என்று சொல்லி ஐந்து என்று எழுதிக்கொண்டார். வயிற்றை விட வலது தோள்பட்டைதான் அதிகம் வலித்தது. கேமரா விடுவதற்கு வயிற்றுக்குள் காற்று அடைப்பார்களாம், மிச்சம் இருக்கிற காற்று தோளில் வலியாகத் தெரியுமாம், இரண்டொரு நாளில் போய்விடுமாம். இதை நர்ஸ் சொன்னபோது என் மாமியார் என் வீட்டுக்காரரைப் பார்த்த பார்வை எனக்குப் புரிந்தது. நான்தான் அப்போதே சொன்னேனே, வாயு என்று.

மத்தியானம் இட்லி தின்றேன். வராந்தாவில் நடந்தேன். ஒன்றுக்குப் போனேன். எல்லாப் பரீட்சையிலும் பாஸ். சாயங்காலம் டாக்டர் வந்து, வீட்டுக்குப் போகலாம் என்றார். மாமியார் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். நன்றி சொல்லப் போகிறார் என்று நினைத்தேன்.

"அம்மா டாக்டரு, ஞாயித்துக்கெழம வரைக்கும் இவள இங்கயே வெச்சிக்கங்கம்மா."

டாக்டர் பதறிப்போய், "ஏம்மா, வீட்டுல எதாவது பிரச்சினையா?" என்று கேட்டார்.

"பிரச்சினையெல்லாம் இல்லம்மா. முகையூர்லேர்ந்து எங்க ஜனம் பாக்க வர்றாங்க. ஞாயித்துக்கெழம பூச முடிச்சிக்கினு வர்றோம்னு வேனு பேசிட்டாங்க. இங்க வந்து பாத்தா கட்டில் காலியா இருந்தா நல்லாவா இருக்கும்?"

காலிக் கட்டிலைப் பார்த்தால் எங்கள் ஜனம் வேறு முடிவுக்கும் வந்துவிடும் என்பதையும் சொல்ல வேண்டும். டாக்டர் சிரிக்கவில்லை, அவர் நல்ல மனுஷி. கட்டில் அடுத்த நோயாளிக்கு வேண்டும் என்றும், வேனைத் திண்டிவனத்துக்கே வரச் சொல்லுங்கள் என்றும் பொறுமையாகச் சொன்னார். காரில் வருகிற வழியெல்லாம் மாமியார், நான் ஏதோ கல்யாணத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு வந்தவள் மாதிரி ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தார். கடைசியில் திண்டிவனம் வந்தபிறகு ஒன்று சொன்னார்.

"காலையில போயி சாயங்காலம் வர்றதுக்கு அது இன்னா ஆபரேசனு? கண்ணு டெஸ்ட்டா?"

அந்த ஒரு வாக்கியத்தில் என் நிலைமை முடிவாகிவிட்டது. ஒரு வாரம் அங்கேயே கிடந்திருந்தால் நான் நோயாளி. அன்றைக்கே வந்துவிட்டதால் வெளியூர் போய் வந்தவள். டாக்டர் சொன்னதில் எங்கள் வீட்டாருக்கு மனதில் நின்றது ஒன்றுதான்: நன்றாக நடக்க வேண்டும். வெள்ளிக்கிழமை காலையில் நான் படுத்திருந்தபோது என் வீட்டுக்காரர் தலையை நீட்டி, "டாக்டரே நடக்கச் சொன்னாங்கல்ல?" என்றார். நடக்கச் சொன்னார்கள்தான். எங்கள் வீட்டில் எந்தப் பக்கம் நடந்தாலும் அது அடுப்பங்கரையில் போய் முடியும். எடை தூக்கக் கூடாது என்றும் சொன்னார்களே என்று கேட்டேன். "குக்கர் இன்னா எடையா?" என்றார் மாமியார். அவருக்கு முழங்கால் வலி, நின்று சமைக்க முடியாது. அது உண்மை, அதில் நான் குறை சொல்ல மாட்டேன். என் வீட்டுக்காரருக்கு வலி ஒன்றும் இல்லை, பழக்கம்தான் இல்லை. கோயம்புத்தூரில் படிக்கிற என் மகன் போனில், 'அம்மா, ரெஸ்ட் எடு' என்று அனுப்பி, கூடவே ஒரு சிவப்பு இதயமும் போட்டிருந்தான். அதைப் பார்த்துக்கொண்டே ரசம் தாளித்தேன்.

தோள்வலி வேறு விடவில்லை. தோளைப் பிடித்துக்கொண்டு நின்றால் பக்கத்து வீட்டு அம்மாள், "வவுத்துல ஆபரேசனு, தோள்ல இன்னாத்துக்குக் கைய வெச்சிக்கினு நிக்கிறீங்க?" என்று கேட்டார். காற்று விஷயத்தை விளக்கினேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, காம்பவுண்டுக்கு அந்தப் பக்கம் போய் அவர் மருமகளிடம், "சும்மா ஆக்டு குடுக்குது," என்று சொன்னது எனக்கு நன்றாகக் கேட்டது. காதில் ஆபரேஷன் பண்ணவில்லையே.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. பூசையில் மாமியார் என் பேரைக் கொடுத்து, நோயுற்றோருக்கான மன்றாட்டில் வாசிக்க வைத்தார். உடல் நலமின்றிப் படுக்கையில் இருக்கும் நம் சகோதரிக்காக என்று பங்குச் சாமியார் மன்றாடிய நேரத்தில், படுக்கையில் இருக்கும் அந்தச் சகோதரி வேனில் வருகிறவர்களுக்கு இஞ்சி பூண்டு அரைத்துக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்த ஜனத்தைக் கறி போடாமல் அனுப்பினால் முகையூரில் தலைகாட்ட முடியுமா?

வேன் வந்தது. முழு வேன். பெரிய நாத்தனார், சின்ன நாத்தனார், அவர்கள் வீட்டு ஆண்கள், சித்திகள், யாரென்றே தெரியாத இரண்டு பேர். எல்லார் கையிலும் ரொட்டி. எங்கள் வீட்டில் இருந்த ரொட்டியை வைத்து ஒரு டீக்கடை திறந்திருக்கலாம். நான் கதவைத் திறந்ததும் அவர்களுக்கு முகம் சுருங்கிவிட்டது. நோயாளியைப் பார்க்க வந்த இடத்தில் நோயாளியே கதவைத் திறந்தால் யாருக்குத்தான் பிடிக்கும்.

"இன்னா, நல்லாத்தான் இருக்கிறா," என்றார் பெரிய நாத்தனார். கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் சொன்னார்.

பிறகு எல்லாரும் கேட்ட ஒரே கேள்வி, எத்தனை தையல் என்பது. எங்கள் ஜனம் ஆபரேஷனைத் தையலில்தான் அளக்கும். பித்தப்பை எடுத்த சித்தி தன் கணக்கைச் சொன்னார். இரண்டாவது பிள்ளையைப் பெற்ற கதையில் சின்ன நாத்தனார் தன் கணக்கைச் சொன்னார். ஹெர்னியா பண்ணிக்கொண்ட அண்ணன் ஒருவர் சட்டையைத் தூக்கியே காட்டினார். நான் மூன்று ஓட்டை என்றேன். கூடத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மூன்று ஓட்டைக்கா முகையூரிலிருந்து வேன் வைத்தோம் என்று அவர்கள் வாய்விட்டுக் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

அந்தப் பார்வை என் மாமியாருக்குப் பொறுக்கவில்லை. இதைச் சொல்லும்போது அவர்மேல் எனக்குக் கோபம் வரமாட்டேன் என்கிறது. தன் மருமகளை யாரும் இளக்காரமாகப் பார்க்கக் கூடாது என்றுதான் அவர் அதைச் செய்தார். என்னை அறைக்குள் கூட்டிப்போய்க் கட்டிலில் படுக்க வைத்தார். பெண்களை மட்டும் உள்ளே அழைத்தார். புடவையை விலக்கி, தொப்புளில் ஒட்டியிருந்த பிளாஸ்டரை ஒரு ஓரமாகப் பிடித்து உரித்தார்.

"நம்ப மாட்டேன்றீங்களே, இங்க பாருங்க. எம்மாம் ஆழம்னு பாருங்க."

பார்த்தார்கள். ஒரு கூட்டம் பார்த்து முடித்ததும் பிளாஸ்டர் பழைய இடத்தில் ஒட்டப்பட்டது. அடுத்த கூட்டத்துக்கு மறுபடி உரிக்கப்பட்டது. ஒரு சித்தி விரலால் தொட்டே பார்த்தார். இன்னொருவர் எந்த மாதா கோயில் திருவிழாவிலோ மந்திரித்து வாங்கிய எண்ணெயைப் பையிலிருந்து எடுத்து, சிலுவை வரைந்து ஒரு சொட்டு விட்டார். மாதாமேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அந்தச் சித்தியின் விரல் நகத்தைப் பற்றித்தான் எனக்குச் சந்தேகம். வேண்டாம் என்று நான் சொன்னேன், ஒருமுறைக்கு மேல் சொன்னேன். "சும்மா இரும்மா, பாசத்துல வந்திருக்காங்க," என்றார் மாமியார். பாசத்தை யார் தடுக்க முடியும். எல்லாரும் பார்த்து முடித்தபிறகு நான் எழுந்து போய் அவர்களுக்குச் சாப்பாடு போட்டேன். பெரிய நாத்தனார் அடுப்பங்கரை வாசலில் சாய்ந்து நின்று, "நான் எதாவது செய்யட்டா?" என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் கூடத்தில் போய் உட்கார்ந்துவிட்டார். கறி நன்றாக இருந்ததாக எல்லாரும் சொன்னார்கள்.

திங்கட்கிழமை சாயங்காலம் குளிரெடுத்தது. தொப்புளைச் சுற்றிச் சிவந்து, தொட்டால் சுட்டது. "ஜனம் வந்து போச்சில்ல, கண்ணு பட்டுடுச்சி," என்று மாமியார் மிளகாய் சுற்றிப்போட்டார். நெடியில்லாமல் எரிந்தால் கண்ணேறு உண்டு என்று அர்த்தம். அன்றைக்கு நெடி வந்து எல்லாரும் தும்மினோம். தும்மினால் வயிற்றில் தையல் என்ன பாடு படும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. காலையில் எழுந்தபோது காய்ச்சல் கொதித்தது, பிளாஸ்டர் ஈரமாக இருந்தது. அப்போதுதான் எனக்கு நிஜமாகப் பயம் வந்தது. இந்த வீட்டில் நான் செத்தால்கூட, கதவைத் திறந்துவிட்டுத்தான் சாக வேண்டும் போலிருக்கிறது என்று தோன்றியது. யாரிடமும் கேட்காமல் நானே அந்த நர்ஸுக்குப் போன் செய்தேன்.

"உடனே கெளம்பி வாங்க டீச்சர்," என்றார். அதை அவர் ஒரு தடவைதான் சொன்னார், நான் இரண்டாவது தடவை யோசிக்கவில்லை. கடைக்கு மோட்டார் ஒன்று அவசரமாக வந்திருக்கிறது என்று ஆரம்பித்த என் வீட்டுக்காரர், என் முகத்தைப் பார்த்துவிட்டு மீதியை விழுங்கினார்.

டாக்டர் பிளாஸ்டரைப் பிரித்துப் பார்த்தார். ஒரு தையலை வெட்டிவிட்டு அழுத்தினார். சீழ் வந்தது. வலி பத்துக்கு எத்தனை என்று நல்லவேளையாக யாரும் கேட்கவில்லை, பத்துக்குமேல் எண் இருப்பது எனக்குத் தெரியும்.

"மேலாகத்தான் இருக்கு, உள்ள போகல. ரெண்டு நாள் லேட்டா வந்திருந்தா கதையே வேற," என்றார். பிறகு என் வீட்டுக்காரரிடம் திரும்பினார். "இதை யாராவது பிரிச்சுப் பாத்தாங்களா?"

என் வீட்டுக்காரர் மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்த்தார். காயில் நன்றாக இருக்கிறதா என்று பார்த்திருப்பார்.

"எத்தனை பேர் பாத்தாங்க?" என்று என்னிடம் கேட்டார் டாக்டர்.

"ஒரு வேன்," என்றேன்.

காய்ச்சல் இருந்ததால் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். கட்டில். கையில் பாட்டில். கீழே ஒயர் கூடை. மாமியாருக்குத் தகவல் போனது. அவர் அழுதார், நிஜமாகவே அழுதார், பிறகு முகையூருக்குப் போன் செய்தார். மறுநாள் காலையில் அதே வேன் வந்து நின்றது. இந்தத் தடவை யாருக்கும் ஏமாற்றம் இல்லை. எல்லாம் முறைப்படி இருந்தது. பெரிய நாத்தனார் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இப்பத்தான்டி ஆபரேசன் பண்ணவ மாதிரி இருக்கிற," என்றார். மாமியார் தலைமாட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வருகிறவர்களுக்கெல்லாம் சீழ் வந்த கதையைச் சொன்னார். அதில் பிளாஸ்டர் உரித்த பகுதி மட்டும் எப்படியோ விட்டுப்போனது. எண்ணெய்ச் சித்தி மறுபடி பையைத் திறந்தபோது, அந்த நர்ஸ் எங்கிருந்தோ வந்து கட்டிலுக்கும் அவருக்கும் நடுவில் நின்றுகொண்டார்.

எல்லாரும் போனபிறகு, மாமியாரையும் வேனிலேயே வீட்டில் இறக்கிவிட அனுப்பிவிட்டு, என் வீட்டுக்காரர் மட்டும் தங்கினார். வீட்டிலிருந்து தூக்கு ஒன்று கொண்டுவந்திருந்தார். அவரே வைத்த கஞ்சி. மெஸ்ஸில் வாங்கியிருக்கலாமே என்றேன். அம்மாவுக்கும் சேர்த்து வைத்தேன், குக்கரை எப்படித் திறப்பதென்று தெரியவில்லை என்றார். கட்டைவிரலில் கொப்புளம் இருந்தது. கஞ்சியில் உப்பு இல்லை. நான் முழுவதையும் குடித்தேன். அவர் தூக்கைக் கழுவிக்கொண்டு வந்து வைத்துவிட்டு, எங்கே உட்காருவது என்று தெரியாதவர் மாதிரி கொஞ்ச நேரம் நின்றார். பிறகு கேட்டார்.

"வலிக்குதா?"

எத்தனை தையல் என்று கேட்டார்கள். யார் டாக்டர் என்று கேட்டார்கள். மயக்க ஊசி முதுகிலா கையிலா, காப்பீட்டில் வருமா, ஸ்கூலில் சம்பளத்தோடு லீவு உண்டா என்று கேட்டார்கள். எங்கள் வீட்டு ஜனத்தில் ஒரு ஆள்கூட இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. கேட்கவில்லை என்பதே அவர் கேட்டபிறகுதான் எனக்குத் தெரிந்தது. இந்த மனுஷனுக்கு ஒரு பதில் வைத்திருந்தேன், திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் வரும் வரைக்கும் காரில் அதைத்தான் கூர் தீட்டிக்கொண்டு வந்தேன். அதில் ஒரு வார்த்தைகூட வாயில் வரவில்லை.

"வலிக்குதுங்க," என்றேன். "ரொம்ப வலிக்குது."

சொன்னதும் அழுகை வந்துவிட்டது. அழுதால் வயிறு குலுங்கும், குலுங்கினால் புண் இழுக்கும் என்று தெரிந்தும் நிறுத்த முடியவில்லை. அவருக்குக் கைகால் ஓடவில்லை. பாட்டிலைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், நர்ஸைக் கூப்பிடட்டுமா என்றார்.

"வேணாம். நீங்க ஒண்ணும் பண்ண வேணாம்," என்றேன். "இப்பிடி வந்து உக்காருங்க, போதும்."